இடது முழங்கால்

ஆறு மணி நேரம் அது கடலின் சொத்து.
அடுத்த ஆறு மணி நேரம் கரையின் சொத்து.
ஹூசும் நகரத்துச் சிதைவுடைமை அலுவலகத்தில்
இதற்கென்றே இரண்டு படிவங்கள் உண்டு:
பெருக்குக்கு நீலம், வற்றுக்கு மஞ்சள்.
இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு
சேற்றில் ஒரு மணி நேரம் நடந்து போனேன்,
ஒரு முழங்காலைப் பார்க்க.

மற்றதெல்லாம் உடைசல்.
தலை இல்லை. பீரங்கித் தோள் மண்ணுக்குள்.
வயிற்றுக் கதவு திறந்து கிடக்கிறது:
ஓட்டியவர் வெளியேறியிருக்கலாம், அல்லது
கடல் அவரை வெளியேற்றியிருக்கலாம்.

இந்தக் கண்டத்தில் மிச்சம் பதினொன்று.
நடக்கக்கூடியவை நான்கு.
கீல் துறைமுகத்தில் ஒன்று
ஒன்பது வருடமாக இடது கால் மடங்காமல்
நாரை மாதிரி நிற்கிறது.
அதைக் காக்க ஒரு பட்டாளம் நிற்கிறது.
அந்த மூட்டை வார்க்கத் தெரிந்த ஒரே ஆலையை
அந்த மூட்டில் நடந்த ஒன்றுதான்
மிதித்து அழித்தது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சரி. ஆனால் எத்தனை பேருக்கு?

எங்கள் எண் அதன் இடுப்பில் இருக்கிறது
என்று எழுதியிருந்தது கீல் படைத்தலைமை.
சுரண்டிப் பார்த்தேன். இருந்தது.
அதற்கு அடியில் இன்னொரு நாட்டின் எண்.
அதற்கும் அடியில்
யாருக்கும் சொந்தமில்லாத சாம்பல் பெயின்ட்.
பிரேமனிலிருந்து ஒரு காப்பீட்டுக் கம்பெனி:
இழப்பீடு கொடுத்த நிமிடமே
இழந்த பொருள் எமதாயிற்று.

மோம்மெ ஹார்க்சென், இறால் பிடிப்பவர்,
கிழிந்த வலையையே சாட்சியாகக் கொண்டுவந்தார்.
மீட்டவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, சட்டப்படி.
முழங்காலில் மூன்றில் ஒரு பங்கை
என்ன செய்வீர்கள் என்றேன்.
விற்பேன்.
யாருக்கு?
மீதி இரண்டு பங்கு வைத்திருக்கும் முட்டாளுக்கு.

அப்போதுதான் தூரத்தில்
மார்பு வரை ரப்பர் உடுப்பில் ஒரு பெண்.
வீப்கெ லோரென்சென். கையில் குத்தகைப் பத்திரம்.
எனக்கு இந்தச் சனியன் வேண்டாம் என்றார்.
இதன்மேல் இருப்பது என்னுடையது.

பார்த்தேன்.
மூட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும்
கறுப்பு மட்டிகள், தோளோடு தோள்,
நூல் நூலாய் இரும்பைப் பற்றிக்கொண்டு.
விரலகலம் மட்டும் வெளியே தெரிந்தது உலோகம்,
பால்பல் போல் வெளுத்து.
அதன் ஓரத்தில் உப்பு ஆரம்பித்திருந்தது.

குத்தகைப் படுகையைச் செப்டம்பர் முடியும்வரை
எவரும் கலைக்கக் கூடாது.
இது ஏப்ரல்.
ஐந்து மாதம் உப்பில் கிடந்தால்
அந்த மூட்டு எதையும் மடக்காது, நிமிர்த்தாது.
எனக்குத் தெரியும்.
பத்திரத்தை இரண்டு முறை மடித்து
மூன்றாம் முறை விரித்த அவருக்கும் தெரியும்.

கீலிலிருந்து அழைப்பு வந்தது.
நீலமா, மஞ்சளா?
பச்சை என்றேன்.
அப்படி ஒன்று இருப்பதே
எனக்கும் அன்று காலையில்தான் தெரியும்:
மீன்வளம், துணைப்பிரிவு நான்கு.
பொருள்: படுகை. நிலை: உயிருடன்.
மறுமுனையில் ஒருவர் ஜெர்மன் மொழியில்
நெடுநேரம் மூச்சு விட்டார்.

எறிகணைக் கோதில் துளசி நட்ட
ஒரு வீட்டின் நாலாம் தலைமுறை நான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

திரும்பும்போது வீப்கெ
ஒரு வாளி மட்டி நீட்டினார்.
அரசு ஊழியர் வாங்கக் கூடாது என்றேன்.
இது வடக்குப் படுகையில் எடுத்தது, பயப்படாதே என்றார்.
அதன்மேல் விளைவதை
நான் விற்பதும் இல்லை, தின்பதும் இல்லை.

கடல் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது.
முதலில் கணுக்கால்.
பிறகு முழங்கால்,
எங்களுக்கும் அதற்கும்.